பூவைத் தெரிவு செய்வது யார்?

(வீட்டுத்தோட்டப் பயிற்சி நாளன்று தோட்டக் குடும்பங்கள் முன்னிலையில் நாம் ஆற்றிய உரை. பேசிய நடையை அதிகம் மாற்றாமல் இங்கு தரப்படுகிறது.)



இன்று ஞாயிற்றுக்கிழமை. உடுப்புத் துவைக்கிறது, விறகு பொறுக்குகிறது, கடைக்குப் போகிறது என்று உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். அதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

வீட்டுத்தோட்டங்களைப் பார்க்க லயத்துப் பக்கம் வந்தபோது ஒரு அம்மா எங்களைக் கூப்பிட்டுத் தன்னுடைய வட்டக்காய்க் கொடிகளைக் காட்டினார். "மொத வருஷம் கடையில ஹைபிரிட் வெத பக்கற் வாங்கிப் போட்டேங்க. எல்லாக் காயும் ஒரே அச்சு. அதுல நல்ல காயாப் பாத்து வெத எடுத்து வச்சேன். இந்த வருஷம் பாருங்க, ஒரு கொடியில நீட்டம், ஒரு கொடியில உருண்ட, இன்னொன்னுல சின்னச் சின்னக் காய். ஒரு வயித்துல பொறந்த புள்ளைங்க இப்படியா இருக்கும்? அதுபோக, பாதிப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துருது. வெதக்காரன் ஏமாத்திட்டானா, இல்ல யாராச்சும் கண்ணு வச்சிட்டாங்களா?" என்று கேட்டார்.

யாரும் ஏமாற்றவில்லை, யாரும் கண் வைக்கவும் இல்லை. அந்த அம்மா கேட்டது இரண்டு கேள்வி. காய் ஏன் பல மாதிரி வந்தது? பிஞ்சு ஏன் விழுந்தது? இரண்டுக்கும் பதில் பூவிலேதான் இருக்கிறது. பூவுக்கு வந்து போகிற பூச்சி, குருவிகளிடம் இருக்கிறது. அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தேயிலையில் இருந்து தொடங்குவோம். பழைய விதைத் தேயிலை மலையில் கொழுந்து எடுத்தவர்களுக்குத் தெரியும். அங்கே பக்கத்துப் பக்கத்துச் செடிகூட ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒன்றில் இலை பெரிசு, ஒன்றில் சிறிசு. ஒன்று வெளிர்ப் பச்சை, ஒன்று கரும்பச்சை. வீ.பி. தேயிலை மலைக்குப் போனால் எல்லாச் செடியும் ஒரே மாதிரி. என்ன காரணம்?

தேயிலைப் பூவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் கேசரம். ஒரு செடியின் மகரந்தம் அதே செடியின் பூவில் விழுந்தால் பெரும்பாலும் விதை பிடிக்காது. இன்னொரு செடியிலிருந்து தேனீயோ ஈயோ மகரந்தத்தைக் கொண்டுவர வேண்டும். அதனால் விதைத் தேயிலையில் ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலப்பு. சின்ன இலையுள்ள சீனத்து வகையும் பெரிய இலையுள்ள அசாம் வகையும் அதிலே பல விதமாகக் கலந்து கிடக்கின்றன. வீ.பி. தேயிலை அப்படி அல்ல. நல்ல ஒரு தாய்ச் செடியைத் தெரிவு செய்து, அதன் கிளைத் துண்டுகளை வெட்டி, நாற்றுமேடையில் வேர்பிடிக்க வைத்து நடுகிறோம். தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே.

இங்கே ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தெரிவு. வீ.பி. செடியைத் தெரிவு செய்தது மனிதன். மனிதன் கை வைக்காத காட்டுச் செடிகளில் தெரிவு செய்வது யார்?

ஹைபிரிட் விதைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ஹைபிரிட் என்றால் கலப்பினம். இரண்டு வேறு வகைச் செடிகளைச் சேர்த்து எடுத்த விதை அது. முதல் தலைமுறையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாயிடமிருந்து ஒரு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு சமமாக வரும். ஆகவே எல்லாம் ஒரே அச்சு. அந்தப் பிள்ளைகளின் விதையைப் போட்டால், அதாவது பேரப்பிள்ளைகள் காலத்தில், அந்தப் பங்குகள் சீட்டுக் கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி பிரிந்து விழும். ஒன்று பாட்டனைப்போல், ஒன்று பாட்டியைப்போல், ஒன்று இரண்டுக்கும் நடுவே. போதாததற்கு, பக்கத்து வீட்டு வட்டக்காய்ப் பூவின் மகரந்தத்தையும் தேனீ கொண்டுவந்து கலந்திருக்கும். அந்த அம்மாவின் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

விஞ்ஞானிகள் இந்தப் பேரப்பிள்ளைச் செடிகளை வைத்தே ஒரு பெரிய கேள்விக்கு விடை தேடினார்கள். அந்தக் கதை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா என்ற மலைத்தொடரில் நடந்தது.

அங்கே ஓடைக் கரைகளில் ஒரு பூச்செடி வளர்கிறது. அதன் பூ ஒரு குரங்கு மூஞ்சியைப்போல இருப்பதாக நினைத்து அந்நாட்டார் அதற்குக் குரங்குப் பூ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு இனங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1,600 மீற்றருக்கு மேலே 3,000 மீற்றர் வரை வளர்வது. மற்றது கீழ்நாட்டிலிருந்து 2,000 மீற்றர் வரை வளர்வது. இடையிலே, ஏறத்தாழ நமது நுவரெலியாவின் உயரத்தில், இரண்டும் ஒரே ஓடைக் கரையில் சேர்ந்து வளர்கின்றன.

மேல்மலைப் பூ வெளிர் ரோஸ் நிறம். இதழ் அகன்று விரிந்து, பூச்சி வந்து இறங்க ஒரு திண்ணைபோல இருக்கும். உள்ளே போகும் வழியைக் காட்ட மஞ்சள் வரிகள் உண்டு. தேன் கொஞ்சம்தான். இதற்கு வருகிற விருந்தாளி பம்பிள் தேனீ என்ற, உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த பருத்த தேனீ.

கீழ்மலைப் பூ சிவப்பு. இதழ்கள் பின்னால் மடங்கி, பூ ஒரு குழாய்போல ஒடுங்கி நிற்கும். இறங்கி உட்கார இடம் கிடையாது. ஆனால் தேன் நிறைய. கேசரம் வெளியே நீட்டிக்கொண்டு, வருகிறவரின் நெற்றியில் மகரந்தத்தைப் பூசிவிடும். இதற்கு வருகிறது ஹம்மிங் பறவை. நமது தேன்சிட்டைப்போலச் சின்னது. ஆனால் கிளையில் உட்காராமலே சிறகை அடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் அது இல்லை.

இந்த இரண்டு இனத்தையும் மனிதன் கையால் சேர்த்தால் நல்ல விதை பிடிக்கிறது, பிள்ளைச் செடி வளர்கிறது. ஆனால் மலையிலே, பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தும், கலப்புச் செடியைக் காண்பது மிக அரிது. காரணம், தேனீ தன் பூவை விட்டுப் போகாது. குருவி தன் பூவை விட்டுப் போகாது. சேர்ந்து வளரும் இடங்களில் இந்த ஒரு காரணமே 100க்கு 97 பங்குக்கும் மேலாகக் கலப்பைத் தடுக்கிறது என்று 2003இல் கணக்கிட்டார்கள். நடுவே வேலி இல்லை, மதில் இல்லை. விருந்தாளிகள்தான் வேலி.

சரி, தேனீ எதைப் பார்த்துப் பூவைத் தெரிவு செய்கிறது? நிறத்தையா, அளவையா, தேனையா? இரண்டு இனமும் எல்லாவற்றிலும் வித்தியாசமாக இருப்பதால் சும்மா பார்த்துச் சொல்ல முடியாது. இங்கேதான் கலப்பினம் கைகொடுத்தது. டக்ளஸ் ஷெம்ஸ்கி, பிராட்ஷோ என்ற இரு விஞ்ஞானிகள் இரண்டு இனத்தையும் கையால் கலந்தார்கள். அந்தக் கலப்பின் பிள்ளைகளிலிருந்து பேரப்பிள்ளைகளை எடுத்தார்கள். அந்த அம்மாவின் வட்டக்காயில் நடந்ததுதான் அங்கேயும் நடந்தது. வெளிர் ரோஸ், கடும் சிவப்பு, செம்மஞ்சள், பெரிசு, சிறிசு, தேன் உள்ளது, இல்லாதது என்று பல தினுசுப் பூக்கள். அவற்றைக் கொண்டுபோய் மலையில் வைத்து, எந்தப் பூவுக்கு யார் வருகிறார் என்று கணக்கெடுத்தார்கள்.

1999இல் வெளிவந்த முடிவு இது. தேனீக்கள் பெரிய, சாயம் குறைந்த பூக்களைத் தேடிப் போயின. குருவிகள் தேன் நிறைந்த, சிவப்பு ஊதாச் சாயம் கூடிய பூக்களுக்குப் போயின. இதழில் மஞ்சள் சாயத்தைக் கூட்டுகிற ஒரு பரம்பரையலகு சேர்ந்தால் தேனீயின் வருகை 100க்கு 80 பங்கு குறைந்தது. தேனைக் கூட்டுகிற ஒரு பரம்பரையலகு சேர்ந்தால் குருவியின் வருகை இரண்டு மடங்கானது. பரம்பரையலகு என்றால் தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிற குணத்தின் ஒரு துண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் சாயம் என்றதும் குழம்ப வேண்டாம். கரட் கிழங்குக்கு நிறம் கொடுக்கிறது இந்த வகைச் சாயம்தான். ரோஸ் சாயத்தின் மேல் இந்தச் சாயம் ஏறினால் நமது கண்ணுக்குச் சிவப்பு. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. குருவிக்கு நன்றாகத் தெரியும்.

அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. திரும்பத் திரும்பக் கலந்து, மற்றக் குணமெல்லாம் பழையபடி இருக்க, அந்த மஞ்சள் சாயத்துக்குரிய பகுதியை மட்டும் ஒரு இனத்திலிருந்து மற்றதற்கு மாற்றினார்கள். ரோஸ் பூ செம்மஞ்சள் ஆனது. சிவப்புப் பூ கடும் ரோஸ் ஆனது. மறுபடியும் மலையில் வைத்துப் பார்த்தார்கள். செம்மஞ்சளாக மாறிய தேனீப் பூவுக்குக் குருவிகள் முன்னையைவிட 68 மடங்கு அதிகமாக வந்தன. ரோஸாக மாறிய குருவிப் பூவுக்குத் தேனீக்கள் 74 மடங்கு அதிகமாக வந்தன. இது 2003இல் வெளியானது. அந்தப் பகுதி மஞ்சள் சாயத்தை எப்படி அடக்குகிறது என்ற நுணுக்கமும் 2023இல் வெளியாகிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஒரு சாயம், ஒரே ஒரு சாயம் மாறியதும் வாசலுக்கு வருகிற விருந்தாளியே மாறிவிட்டார். விருந்தாளி மாறினால் மகரந்தம் போகிற வழி மாறும். மகரந்தம் போகிற வழி மாறினால் அடுத்த தலைமுறை விதை மாறும். இப்படித் தலைமுறை தலைமுறையாக உயிரினங்கள் மாறி வருவதைத்தான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கூர்ப்பு என்கிறார்கள்.

இதில் ஒரு தவறான எண்ணம் வரக்கூடாது. "தேனீ வரட்டும்" என்று பூ யோசித்து நிறத்தை மாற்றுவதில்லை. பூவுக்கு மூளை கிடையாது. விதைகள் பல மாதிரியாகப் பிறக்கின்றன. கலப்பினத்தில் இன்னும் பல மாதிரி. அதில் எந்தப் பூவுக்கு விருந்தாளி வந்தாரோ அதற்கு விதை பிடிக்கிறது. வராத பூ வாடி விழுகிறது, அதோடு அதன் வழி நின்றுபோகிறது. வீ.பி. செடியைத் தெரிவு செய்தது மனிதன் என்றோமே, காட்டுப் பூவைத் தெரிவு செய்கிறது தேனீயும் குருவியும் ஈயும்தான்.

"இதெல்லாம் லட்சம் வருஷக் கதை, எங்களுக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். அவ்வளவு காலம் வேண்டியதில்லை. சுவிற்சர்லாந்தில் கடுகு, கோவாவின் சொந்தக்காரச் செடி ஒன்றை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதிச் செடிகளுக்குப் பம்பிள் தேனீயை மட்டும் விட்டார்கள். இன்னொரு பகுதிக்குப் பூ ஈயை மட்டும் விட்டார்கள். 9 தலைமுறைக்குப் பிறகு, தேனீ வந்து போன செடிகள் உயர்ந்து, வாசனை கூடி நின்றன. ஈ வந்து போன செடிகள் குட்டையாகி, தன் மகரந்தத்தைத் தானே ஏற்று விதை பிடிக்கும் குணம் கூடி நின்றன. இது 2017இல் வெளியானது.

இன்னொன்று மனதுக்குச் சங்கடமானது. பிரான்ஸ் நாட்டில் பரிஸ் நகரைச் சுற்றியுள்ள வயல்களில் பான்சி வகையைச் சேர்ந்த ஒரு சின்னப் பூ தானாக முளைக்கிறது. 20, 30 வருஷத்துக்கு முன் சேர்த்து வைத்திருந்த அதன் விதையையும், 2021இல் அதே இடங்களில் எடுத்த விதையையும் பக்கத்தில் பக்கத்தில் முளைக்க வைத்துப் பார்த்தார்கள். புதிய செடிகளின் பூ சுமார் 100க்கு 10 பங்கு சிறுத்திருந்தது. தேன் 100க்கு 20 பங்கு குறைந்திருந்தது. பூச்சியை எதிர்பாராமல் தானே விதை பிடிக்கும் குணம் கூடியிருந்தது. வயல்வெளியில் பூச்சி குறைந்துவிட்டது; பூவும் விருந்தாளியை எதிர்பார்ப்பதை விட்டுக்கொண்டு வருகிறது. பூவில் தேன் குறைய, மிஞ்சியிருக்கிற பூச்சிக்கும் பட்டினி.

அந்தப் பூவுக்காவது தானே விதை பிடிக்க ஒரு வழி இருக்கிறது. நமது வட்டக்காய்க்கு அந்த வழியும் இல்லை. இதோ, அந்த அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டோம்.

வட்டக்காயில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூ மெல்லிய காம்பில் நிற்கும். பெண் பூவுக்கு அடியில் சின்னப் பிஞ்சு உருண்டையாகத் தெரியும். விடியற்காலையில் திறந்து, மத்தியானத்துக்குள் மூடிவிடும். அந்தப் பூவுக்குக் கிடைப்பது அந்த ஒரு காலைப்பொழுது மட்டும்தான். அதற்குள் ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தம் போய்ச் சேராவிட்டால், பிஞ்சு மஞ்சளாகி, அழுகி விழும். அந்த அம்மாவிடம் விசாரித்தோம். பக்கத்து மரக்கறிப் பாத்திக்குக் காலை ஏழு, எட்டு மணிக்கே மருந்து அடிக்கிறார்களாம். பூ திறந்திருக்கிற நேரமும் தேனீ வருகிற நேரமும் அதுதான். பிஞ்சு ஏன் விழுந்தது என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

ஆகவே நாங்கள் சொல்லுவது இவைதான்.

மருந்து அடிக்கத்தான் வேண்டும் என்றால், பூ மூடிய பின், சாயந்தர நேரத்தில் அடியுங்கள். பூவின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போத்தலில் எழுதியிருக்கிற அளவைத் தாண்டாதீர்கள். அடிக்கப் போகிறோம் என்று பக்கத்து வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தேனீ வராத இடத்தில் நீங்களே தேனீயாகுங்கள். காலையில் புதிதாகத் திறந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவுங்கள். பிரட்டுக்குப் போகும் முன் ஐந்து நிமிஷ வேலை.

உங்களுக்குப் பிடித்த காயின் விதையை வைத்துக்கொள்ள விரும்பினால், மறுநாள் திறக்கப் போகிற ஆண் பூ, பெண் பூ இரண்டையும் முதல்நாள் மாலையே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து, தடவி, பெண் பூவைத் திரும்பக் கட்டி, அந்தக் காய்க்கு ஒரு அடையாளம் போடுங்கள். ஹைபிரிட் விதையின் பேரப்பிள்ளைகள் பல மாதிரி வந்தால் மனம் சலிக்க வேண்டாம். நல்லதைத் தெரிவு செய்து, பல போகம் இப்படியே செய்தால், உங்கள் லயத்துக்கென்று ஒரு வகை கொஞ்சம் கொஞ்சமாக உருவாகும். ஒவ்வொரு முறையும் கடை விதைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, பின்வரிசையில் இருக்கிற அண்ணன் ஒருவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியும். "குளவி கொட்டி எங்கட ஆளுங்க ஆஸ்பத்திரியில கெடக்கிறாங்க, செத்தும் போயிருக்காங்க. நீங்க தேனீய காப்பாத்தச் சொல்லுறீங்களே" என்பார். நியாயமான பேச்சு. அந்தத் துயரத்தை நாங்கள் சிறிதாக நினைக்கவில்லை. பெரிய மரத்திலும் பாறையிலும் பலகைபோலத் தொங்கும் கூட்டில் இருக்கிற மலைத்தேனீயையும், உண்மைக் குளவியையும் நாம் குளவி என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். இரண்டுமே கூட்டமாகக் கொட்டினால் உயிராபத்து. கொழுந்து மலையில் அப்படி ஒரு கூட்டைக் கண்டால், கல் எறியாமல், புகை போடாமல், உடனே விலகி வந்து தோட்ட நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். அது அகற்றப்படும் வரை அந்தப் பக்கம் வேலைக்கு இறங்க மாட்டோம் என்று கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அந்தப் பயத்தில், வட்டக்காய்ப் பூவில் தன் பாட்டுக்கு வேலை செய்கிற சின்னத் தேனீயையும் விரட்டிவிட வேண்டாம். அது நம் சட்டிக்குச் சோறு போடுகிற உயிர்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. நாளைக் காலை பள்ளிக்கூடம் போகும் முன், ஒரு வட்டக்காய்ப் பூவுக்குக் கொஞ்சம் தள்ளி கால் மணித்தியாலம் சும்மா இருங்கள். என்ன பூச்சி வந்தது, எத்தனை தரம் வந்தது என்று கொப்பியில் எழுதுங்கள். முள்ளுமுருங்கை பூத்திருந்தால் அதற்கும் அப்படியே செய்யுங்கள். அந்தச் சிவப்புப் பூவுக்குத் தேனீ கூடவா, குருவி கூடவா? சியரா நெவாடா மலையில் அந்த விஞ்ஞானிகள் செய்ததும் இந்த வேலைதான். பொறுமையாக உட்கார்ந்து, யார் வருகிறார் என்று எண்ணினார்கள். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு பென்சில் போதும்.

பூவின் நிறமும் வாசனையும் தேனும், எத்தனையோ தலைமுறையாக வந்து போன விருந்தாளிகள் தெரிவு செய்து விட்டுப்போனவை. இனி வருகிற பூ எப்படி இருக்கும் என்பதையும் அவர்களே தெரிவு செய்வார்கள், நாம் அவர்களை வரவிட்டால்.

எழுதிய கொப்பிகளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.